பத்தியில் எந்த வரி? காட்டுங்கள்

குடிமைப்பணித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்காக, சொட்டுநீர்ப் பாசனம் பற்றி ஒரு பத்தி கொடுத்து, அதிலிருந்து எந்த முடிவு கட்டாயம் வரும் என்று கேட்டிருந்தேன். அதற்கு வந்த கருத்துகள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். பகிர்ந்து திட்டியவர்களின் பதிவுகளையும் சேர்த்துத்தான். "விவசாயத்தைப் பற்றி ஒன்றும் தெரியாமல் சொட்டுநீரைக் குறை சொல்கிறார்" என்கிறார் ஒருவர். நான் எங்கே குறை சொன்னேன்?

பத்தி இதுதான்: ஒரு வட்டத்தில் சொட்டுநீருக்கு மாறிய உழவர் எல்லோருக்கும் தண்ணீர்ச் செலவு குறைந்தது. தண்ணீர்ச் செலவு குறைந்தவர்களில் சிலர் அடுத்த பருவத்தில் கூடுதல் நிலத்தில் பயிரிட்டார்கள். சரி, இதை வைத்து 'சொட்டுநீருக்கு மாறியவர்களில் சிலர் கூடுதலாகப் பயிரிட்டார்கள்' என்று சொல்ல முடியுமா? முடியாது. அந்தச் சிலர் நெல்லை விட்டுக் கம்புக்குப் போனதால் செலவு குறைந்தவர்களாக இருக்கலாம். பத்தி அதை மறுக்கவில்லை. 'அந்த வட்டத்தில் தண்ணீர்ச் செலவு குறையாத உழவர் யாரும் சொட்டுநீருக்கு மாறவில்லை' என்பதுதான் விடை. பத்தி உண்மையென்றால் இது பொய்யாகவே முடியாது. இன்னொன்று உண்மையாக இருக்கலாம். இருக்கலாம் என்பது போதாது.

சிசாட், அதாவது குடிமைப்பணி முதனிலைத் தேர்வின் இரண்டாம் தாள். அந்த வினாத்தாளிலேயே இருக்கிறது, பத்தியை மட்டும் வைத்து விடையளியுங்கள் என்று. தப்பான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 200க்கு 66 வராவிட்டால் முதல் தாளில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் அந்த வருடம் போச்சு.

என்னிடம் படித்த ஒரு பையன் வேளாண் பட்டதாரி. மண், உரம், பாசனம் என்று பத்தி வந்தால் படித்து முடிப்பதற்குள் விடையைக் குறித்துவிடுவான். "சார், இது உண்மைதானே?" என்பான். உண்மைதான், எந்த வரியில் இருக்கிறது, விரல் வைத்துக் காட்டு என்பேன். காட்ட முடியாது. தனக்குத் தெரியாத கடல்சார் சட்டம், நாணயக் கொள்கைப் பத்திகளில் எல்லாம் சரியாகப் போடுவான். தெரிந்த விஷயம்தான் அவனைக் கவிழ்த்தது.

"வாழ்க்கையில் இப்படியா யோசிக்கிறோம்?" என்று கேட்கிறார்கள். யோசிக்க வேண்டும். பத்தியில் இல்லை என்று நான் எழுதியதை வைத்து, நான் சொட்டுநீருக்கு எதிரி என்று நீங்கள் முடிவு கட்டினீர்களே, என் பதிவில் எந்த வரி அப்படிச் சொன்னது?

மொழியைப் பற்றிக் கேட்டவர்களுக்கு மட்டும் என்னிடம் மறுப்பு இல்லை. முதனிலைத் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது. தமிழ்வழியில் படித்த பிள்ளை முதலில் வாக்கியத்தோடு மல்லுக்கட்ட வேண்டும், அப்புறம்தான் தர்க்கம். 2014இல் டெல்லியில் மாணவர்கள் சிசாட்டை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள், 2015இல் இது தேறினால் போதும் என்ற தகுதித் தாளானது. தமிழில் வரவில்லை. அந்தக் கோபம் எனக்கும் உண்டு.

அதனால்தான் கேட்கிறேன். என் பதிவின் கீழே சரியான விடையைக் காரணத்தோடு எழுதியவள் அப்படித் தமிழ்வழியில் படித்த பெண். "சார் சொன்னதை ஒப்பிக்கிறாள்" என்று அவளை ஏன் கிண்டல் செய்தீர்கள்? நான் விடை போடும் முன்பே அவள் எழுதிவிட்டாள், நேரத்தைப் பாருங்கள். என்னைத் திட்டியது அப்படியே இருக்கட்டும். அவளைப் பற்றி எழுதியதை இன்றைக்கே நீக்கிவிடுங்கள்.