வலது கண்ணில் ஐ.சி.யூ., இடது கண்ணில் வீடு

(மாயவரத்தில் ஒரு வீட்டுக் கூடம். மாலை ஆறே கால். சபாபதி, வயது 68, மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். வலது கண்ணில் புரை எடுத்துப் பத்து நாள் ஆகிறது, இடது கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். ஊஞ்சலில் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடுகிறார், திறக்கிறார், மற்றதை மூடுகிறார். மங்களம் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருக்கிறார்.)

மங்களம்: என்னங்க, எதிர்வீட்டு மாமி வாசலில் நிற்கிறார். இப்படி மாற்றி மாற்றிக் கண்ணடித்துக்கொண்டிருந்தால் என்ன நினைப்பார்?

சபாபதி: ஆராய்ச்சி நடக்கிறது, குறுக்கே பேசாதே. இடது கண்ணால் பார்த்தால் நம் வீடு. வலது கண்ணால் பார்த்தால் ஐ.சி.யூ. அதே சுவர், அதே ஊஞ்சல், அதே நீ. இந்தக் கண்ணில் மனசு நிம்மதியாக இருக்கிறது, அந்தக் கண்ணில் யாராவது வந்து பில் கட்டச் சொல்வார்களோ என்று பயமாக இருக்கிறது.

மங்களம்: ஐ.சி.யூ.வில் அவரைக்காய் உரிக்க விடமாட்டார்கள்.

சபாபதி: விளையாடாதே. இந்த ட்யூப்லைட்டை முதலில் மாற்றணும். பெட்டியை எடுத்துப் பார்த்தேன், 6500 கெல்வின், கூல் டேலைட் என்று போட்டிருக்கிறது. நம் கல்யாணத்தின்போது இந்தக் கூடத்தில் ஒரு 60 வாட் குண்டு பல்ப் எரிந்ததே, அது 2700. அந்த மஞ்சள் வெளிச்சத்தில் எல்லாரும் எவ்வளவு சாந்தமாக இருந்தோம்.

மங்களம்: சாந்தமா? ட்யூப்லைட் போட்டால்தான் நாலு பேர் மதிப்பார்கள், மஞ்சள் பல்பில் ஊறுகாய் ஜாடிக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று உங்கள் அம்மாவிடம் சண்டை போட்டு மாட்டியது யாராம்? அது சரி, ஒரு சந்தேகம். 6500தானே பெரிய எண்? அப்போ அதுதானே சூடு? ஏன் கூல் என்று போட்டிருக்கிறான்?

சபாபதி: (உற்சாகமாகி) கேட்டாயே ஒரு கேள்வி! கொல்லன் உலையில் இரும்பைக் காய்ச்சினால் முதலில் சிவக்கும், அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள், அப்புறம் வெள்ளை. எந்தப் பொருளையும் அதற்கு மேலும் சூடேற்ற முடிந்தால் நீலம் ஓட ஆரம்பிக்கும். கெல்வின் எண் அந்தச் சூட்டின் கணக்கு. பெயர் வைத்தவன் மட்டும் நெருப்பு என்றால் மஞ்சள், தண்ணீர் என்றால் நீலம் என்று நம்மை மாதிரி யோசித்து வைத்துவிட்டான்.

மங்களம்: ஒருத்தரை ஒருத்தர் கேட்காமல் பத்திரிகை அடித்த இரண்டு சம்பந்திகள் மாதிரி.

சபாபதி: அதேதான். ஆனால் இந்தப் புது எல்.இ.டி. லைட்டின் சூட்சுமம் வேறு. உள்ளே எரிவது வெள்ளை இல்லை, நீலம். அந்த நீலச் சில்லுக்கு மேல் மஞ்சள் பொடி பூசியிருக்கிறான். நீலத்தில் கொஞ்சத்தை அந்தப் பொடி மஞ்சளாக மாற்றும், மிச்ச நீலம் அப்படியே வரும், இரண்டும் கலந்து நமக்கு வெள்ளையாகத் தெரியும். நம்பிக்கை இல்லை என்றால் உன் போனைத் திருப்பு. டார்ச் எரியாதபோது அந்தச் சின்ன இடம் என்ன கலர்?

மங்களம்: (போனைத் திருப்பிப் பார்த்து) அட, மஞ்சள். மஞ்சள்பொடி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நேற்றுகூடப் புடவைத் தலைப்பால் துடைத்தேனே.

சபாபதி: நீ துடைத்தது நோபல் பரிசு. அந்த நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்ததற்குத்தான் 2014இல் மூன்று பேருக்குக் கொடுத்தார்கள். இப்போது என் கதைக்கு வா. வயது ஏற ஏறக் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் பழுத்து மஞ்சளாகிவிடுகிறது, டீக்கடையில் ரொம்ப நாள் புழங்கிய கண்ணாடி கிளாஸ் மாதிரி. அது நீலத்தை உள்ளே விடாது. வலது கண்ணில் அதை எடுத்துவிட்டுப் புது லென்ஸ் வைத்தார்கள், பல வருட நீலம் மொத்தமும் பாக்கி வசூல் மாதிரி ஒரே நாளில் உள்ளே வந்து விழுகிறது. இடது கண்ணில் இன்னும் டீ கிளாஸ்தான். அதனால்தான் ஒரு ஆளுக்கு இரண்டு வீடு.

மங்களம்: ஒரு வீட்டுக்கே வீட்டுவரி கட்ட மறந்துவிடுகிறீர்கள்.

சபாபதி: சுவரைப் பார். இது என்ன கலர்? இவ்வளவு நாள் கிரீம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கண்ணில் பார்த்தால் ஐஸ் கட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. பெயிண்டர் நம்மை ஏமாற்றிவிட்டான்.

மங்களம்: (காயை வைத்துவிட்டு) வாங்க. இதற்குத்தான் பத்து நாளாகக் காத்திருந்தேன். மூன்று வருடத்துக்கு முன்னால் கார்டை விரித்து, இதுதான் நல்ல கிரீம், இந்த நம்பரையே அடி என்று பெயிண்டரிடம் சொன்னது நீங்கள். ஐயா, இது லேசா நீலம் ஓடுதே என்று அந்தப் பையன் இழுத்தான். நானும் சொன்னேன். அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்? ரெட், எல்லோ, ப்ளூ என்று மூன்று ஃபேஸையும் இருட்டில் கம்பத்தின் மேல் பிரித்துப் பார்த்த கண் இது, எனக்குக் கலர் சொல்லித்தராதே என்றீர்கள்.

சபாபதி: (தொண்டையைக் கனைத்து) ஃபேஸில் நீலம் அடர்த்தியாக இருக்கும்.

மங்களம்: கலர் பார்க்கிறதை எங்களிடம் கேட்கணும். திருபுவனத்தில் பட்டு எடுக்கப் போனால் கடைக்குள் வைத்து எவளாவது முடிவு பண்ணுவாளா? இரண்டு புடவையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துத்தான் எடுப்போம். உள்ளே அரக்காகத் தெரிவது வெளியே வந்தால் பாக்கு கலராகிவிடும். மயில் கழுத்துக் கலரைக் கேட்கவே வேண்டாம், பாவு ஒரு நிறம், ஊடு ஒரு நிறம், திருப்பினால் பச்சை, மடித்தால் நீலம். மார்க்கெட்டில் தக்காளிக் கடைக்காரன் ஏன் சிவப்புத் தார்ப்பாய் கட்டுகிறான்? வெயிலுக்கு மட்டுமா? அதன் அடியில் செங்காய்கூடப் பழமாகிவிடும். நகைக் கடையில் தங்கத்துக்கு மேலே மஞ்சள் லைட், வைர கவுண்டருக்குப் போனால் வெள்ளை லைட். நாங்கள் கெல்வின் எல்லாம் படிக்கவில்லை, ஏமாந்து ஏமாந்து தெரிந்துகொண்டோம்.

சபாபதி: சரி, சுவர் என் தப்பு, விடு. ஆனால் இந்த வேட்டிக்கு நான் பொறுப்பில்லை. வெள்ளை வேட்டி கேட்டால் இப்படி... இது என்ன நிறம் மங்களம்?

மங்களம்: (மெதுவாக) ஆகாச நீலம்.

சபாபதி: எப்போதிலிருந்து?

மங்களம்: சுமார் மூன்று வருடமாக.

சபாபதி: என்னது!

மங்களம்: கத்தாதீர்கள், கண்ணுக்கு ஆகாது. நானா ஆசைப்பட்டுச் செய்தேன்? ஒரு வாளித் தண்ணீருக்கு நாலு சொட்டு நீலம், அதுதான் கணக்கு. வேட்டி பழுப்பாக இருக்கிறது, துவைக்கவே தெரியவில்லை என்று தினம் பாட்டுப் பாடினீர்கள். ஆறு சொட்டு விட்டேன். இன்னும் பழுப்பு என்றீர்கள். எட்டு. அப்புறம் பன்னிரண்டு. போன பொங்கலுக்குக் கணக்கை விட்டுவிட்டுப் பாட்டிலைச் சாய்த்தேன். அன்றைக்குத்தான், ம், இப்போது வெள்ளை என்றீர்கள்.

சபாபதி: (யோசித்து) கணக்கு சரியாகத்தான் வருகிறது. மஞ்சளின் மேல் கொஞ்சம் நீலம் ஏற்றினால் வெள்ளையாகத் தெரியும், சொட்டு நீலத்தின் தத்துவமே அதுதான். மஞ்சள் இருந்தது என் கண்ணில். நீலம் போட்டது வேட்டிக்கு. நீ துவைத்தது என் லென்ஸைத்தான்! அதெல்லாம் இருக்கட்டும், யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?

மங்களம்: பேரன் சொன்னான். தாத்தா, ஏன் ஸ்கூல் யூனிஃபார்ம் கட்டியிருக்கே என்று கேட்டான். அவனுக்குக் கண்ணைச் செக் பண்ணுங்கள் என்று மருமகளிடம் சொன்னீர்கள், அவளும் பயந்துபோய்க் கூட்டிக்கொண்டு போனாள்.

சபாபதி: கடவுளே. அப்போ கோயிலில் குருக்கள் தினம் என்னைப் பார்த்ததும் நீலகண்டா நீலகண்டா என்பாரே...

மங்களம்: நீங்கள் என்ன நினைத்தீர்கள்?

சபாபதி: சுவாமி பேரைச் சொல்கிறார் என்று நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்!

(மங்களம் சிரிப்பை அடக்க முடியாமல் அவரைக்காயைக் கொட்டுகிறார். சபாபதி ஊஞ்சலிலிருந்து இறங்கி உட்கார்ந்து பொறுக்க உதவுகிறார், நீல வேட்டியைக் கால்களுக்குள் மடித்து மறைத்துக்கொண்டு.)

சபாபதி: எனக்கு மட்டும் வந்த வியாதி இல்லை இது. பிரான்சில் மோனே என்று பெரிய ஓவியர். தன் வீட்டுக் குளத்து அல்லிப் பூக்களையே வருடக்கணக்காக வரைந்தவர். புரை வந்தபோது படமெல்லாம் சிவப்பும் பழுப்புமாகப் போயிற்றாம். 1923இல் அவருக்கும் வலது கண்ணில்தான் ஆபரேஷன். அப்புறம் எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று புலம்பிச் சாயக் கண்ணாடி போட்டுக்கொண்டார்.

மங்களம்: வேட்டிக்கு என்ன செய்தார்?

சபாபதி: அவர் பேண்ட் போடுகிறவர். சரி, சுவருக்கு வருவோம். இந்த முறை நீயே கலர் சொல்.

மங்களம்: வெங்காயச் சருகு கலர்.

சபாபதி: பிங்க்கா! நடுக்கூடத்தில்? உனக்குத் தெரியுமா, 1979இல் அமெரிக்காவில் ஒரு கடற்படைச் சிறையில் கைதிகளை அடக்கி வைக்க அறைக்கு ஒரு பிங்க் அடித்தார்கள். ஆளைப் பிடித்து உள்ளே போட்டால் கொஞ்ச நேரத்தில் கோபம் தணிந்துவிடும் என்று நம்பிக்கை.

மங்களம்: தணிந்ததா?

சபாபதி: முதலில் தணிகிறது என்றார்கள். பின்னால் வேறு ஆட்கள் ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தபோது அப்படி எதுவும் தெரியவில்லை.

மங்களம்: அப்போ பயப்படாதீர்கள். உங்கள் குரல் இப்படியேதான் இருக்கும்.

சபாபதி: எனக்கென்னவோ, இந்தச் சுவர், லைட் எல்லாவற்றையும் விட, ஆபரேஷன் ஆனதிலிருந்து நீதான் வேறு மாதிரி இருக்கிறாய். காப்பியை வைக்கிற சத்தமே சரியில்லை. ஏதோ கோபம்.

மங்களம்: இப்போதாவது தெரிந்ததே. கட்டுப் பிரித்த அன்றைக்கு, ஆஸ்பத்திரியில், டாக்டர், நர்ஸ், மருமகள் எல்லாரும் சுற்றி நிற்கும்போது, கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து முதல் வார்த்தை என்ன சொன்னீர்கள்?

சபாபதி: என்ன சொன்னேன்? நன்றாகத் தெரிகிறது என்று சொல்லியிருப்பேன்.

மங்களம்: மங்களம், உனக்கு எப்போது இவ்வளவு நரைத்தது என்று கேட்டீர்கள். நர்ஸ் பொண்ணு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தது.

சபாபதி: அது... அங்கே இருந்தது ஆஸ்பத்திரி லைட். சுவர் முழுக்க வெள்ளை. அந்த வெளிச்சத்தில் பார்த்தால் யாராக இருந்தாலும்...

மங்களம்: யாராக இருந்தாலும்?

சபாபதி: ஒன்றுமில்லை. நான் அடுத்த கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணிக்கொள்ளப் போவதில்லை. ஒன்று நியூஸ் பேப்பருக்கு, ஒன்று வீட்டுக்கு.

மங்களம்: அதெல்லாம் நடக்காது. தேதி குறித்தாயிற்று.

(படக்கென்று கரண்ட் போகிறது. தெருவே இருட்டு. சபாபதி பழக்க தோஷத்தில் எழுந்து வாசலுக்குப் போய் எந்த ஃபேஸ் போயிருக்கிறது என்று பார்க்கிறார். மங்களம் பூஜை அறையிலிருந்து எண்ணெய் விளக்கை ஏற்றிக் கொண்டுவந்து கூடத்தில் வைக்கிறார்.)

மங்களம்: உட்காருங்கள், எங்கேயாவது இடித்துக்கொள்ளப் போகிறீர்கள். இன்வெர்ட்டர் வாங்கலாம் என்றால், நான் வேலை பார்த்த இடத்தையே நான் நம்பவில்லை என்று ஆகிவிடும் என்பீர்கள்.

சபாபதி: இரு. இரு, அசையாதே. (வலது கண்ணை மூடுகிறார். திறக்கிறார். இடது கண்ணை மூடுகிறார். மறுபடியும்.) மங்களம், இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது!

மங்களம்: எது இரண்டும்?

சபாபதி: இரண்டு கண்ணும்! அந்தக் கண்ணிலும் நம் வீடுதான், இந்தக் கண்ணிலும் நம் வீடுதான். அட ஆமாம், எண்ணெய் விளக்கில் நீலம் இருப்பதே சொற்பம். வடிகட்டுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லையென்றால் அழுக்கு லென்ஸும் புது லென்ஸும் ஒன்றுதானே. சுவர்கூடக் கிரீமாகிவிட்டது பார். நான் மூன்று வருடத்துக்கு முன்னால் சொன்ன கிரீம் இதுதான்!

மங்களம்: வேட்டி?

சபாபதி: (விரித்துப் பார்த்து, பெருமையாக) வெள்ளை.

மங்களம்: (விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்து, அவர் எதிரே உட்கார்ந்து) சரி. இப்போது இங்கே பாருங்கள். அவசரப்படாமல் பாருங்கள். நரை தெரிகிறதா?

சபாபதி: எந்த நரை?

மங்களம்: பிழைத்துக்கொண்டீர்கள். ராத்திரிக்கு அவரைக்காய்க் கூட்டோடு அப்பளமும் உண்டு.

சபாபதி: அப்போ பெயிண்ட் வேண்டாம். 2700இல் இரண்டு பல்ப் வாங்கி மாட்டினால் முன்னூறு ரூபாயில் வேலை முடிந்தது. சுவரைத் தொடவே வேண்டாம்.

மங்களம்: பெயிண்டருக்கு நேற்றே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். இரண்டாயிரம்.

சபாபதி: வெங்காயச் சருகுக்கா?

மங்களம்: பகல் வெளிச்சத்தில் அவன் கார்டை வாசலில் வைத்துப் பார்த்துத்தான் கொடுத்தேன்.

(கரண்ட் வருகிறது. ட்யூப்லைட் பளீரென்று எரிகிறது. சுவர் ஐஸ் கட்டியாகிறது, வேட்டி ஆகாசமாகிறது. மங்களம் தலைமுடியைக் காதோரம் ஒதுக்கிக்கொண்டு சபாபதியை நிமிர்ந்து பார்க்கிறார். சபாபதி சட்டென்று வலது கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறார்.)

மங்களம்: ஐயோ, கண்ணடிக்காதீர்கள், மாமி இன்னும் வாசலில்தான் நிற்கிறார்.