நீண்ட நாள் வராத குழந்தையின் பெயர் நீக்கப்படுமா?

“ஒரு மாதம் பள்ளிக்கு வராத ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளின் பெயர் நீக்கப்படும், கீழ் வகுப்பில்தான் மீண்டும் சேர முடியும்” என்று வாட்ஸ்அப்பில் பரவும் தகவல் தவறானது. எட்டாம் வகுப்பை முடிக்கும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு கூறுகிறது. இடையில் படிப்பு நின்றுபோன குழந்தையைக்கூட வயதுக்கேற்ற வகுப்பிலேயே சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்கிறது 4ஆவது பிரிவு.

அந்த வாட்ஸ்அப் தகவலை நம்பிய பெற்றோர், அம்மை கண்டு வீட்டிலிருந்த பிள்ளையைத் திரும்ப அனுப்பவே தயங்குவதுதான் வருத்தம். திரும்பி வரும் குழந்தை முதல் சில நாள்கள் பள்ளி வாசலில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுவது இயல்பே. சொல்லாமல் நழுவிவிடாமல், “மணி அடித்ததும் வருகிறேன்” என்று கூறி, சொன்னபடியே வந்து நின்றால் அந்த அச்சம் மெல்லத் தணியும். ஐயமிருந்தால் தலைமையாசிரியரிடமோ, தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணிலோ கேளுங்கள். அந்தச் செய்தியை மேலும் பகிர வேண்டாம்.