'ஓவன் சேஃப்' என்று அச்சடித்தால் போதுமா? எத்தனை டிகிரி என்று யார் சொல்வது?

காரைக்குடியில் கேக் செய்யும் சாமான் விற்கும் கடைகளில் ஏறி இறங்கிக் கேட்டுப் பாருங்கள். "இந்த பேப்பர் மோல்டு (கேக் மாவை ஊற்றி அப்படியே ஓவனில் வைக்கும் அட்டை அச்சு) எத்தனை டிகிரி வரைக்கும் தாங்கும்?" ஒருவரிடமும் பதில் கிடையாது. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுக்கா, எல்லாரும் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க" என்பார்கள். இது ஒரு பதிலா? 180 டிகிரியில் அரை மணி நேரம் வேகவைத்து, அதே அட்டையோடு அடுத்த வீட்டுக் குழந்தை கையில் கேக்கைக் கொடுப்பது நான். எனக்குத் தெரிய வேண்டாமா?

சமீபத்தில் ஒரு சாந்திக் கல்யாணத்துக்கு, அதாவது அறுபதாம் கல்யாணத்துக்கு, ஆர்டர். தாம்பூலப் பையில் தேன்குழல், அதிரசத்தோடு ஆளுக்கொரு குட்டி கேக். 'ஓவன் சேஃப்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய மோல்டுதான் வாங்கினேன். ஓடிஜியில், அதாவது வீட்டு மின்சார ஓவனில், வைத்த கொஞ்ச நேரத்திலேயே கருகல் வாடை. மாவுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த விளிம்பு பழுப்பேறிவிட்டது. மூலையில் பசை விட்டு, மாவு தட்டில் வழிந்தது. ஆறியதும் உரித்தால், கேக்கின் அடியில் மெல்லிசாக ஒரு ஜவ்வு ஒட்டிக்கொண்டு வருகிறது. நகத்தால் கிள்ளி இழுத்தேன், நீளுகிறது! பேப்பர் என்றால் கிழியும், நீளாது. அது பிளாஸ்டிக். அத்தனையையும் குப்பையில் கொட்டினேன்.

டீ கப்பின் உள்ளே பூசுவது பாலிஎத்திலீன். 110 டிகிரி பக்கத்திலேயே உருகிவிடும். மெழுகுத்தாள் அதற்கும் வெகு முன்பே இளகும். ஓவனுக்கென்று செய்யும் அட்டையில் சிலிகானோ, சூடு தாங்கும் பாலியெஸ்டரோ பூசியிருப்பார்கள். நல்ல தயாரிப்பில் இத்தனை டிகிரி, இத்தனை நிமிடம் என்று எண்ணே போட்டிருக்கும். ஆனால் கையில் எடுத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே வழவழப்புதான். கண்ணால் பார்த்து யாராலும் பிரிக்க முடியாது. அந்த எண்ணை அச்சடிக்காமல் விற்பது அநியாயம் இல்லாமல் வேறென்ன?

"எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே" என்பவர்களுக்கு: மாவில் ஈரம் இருக்கும்வரை அதை ஒட்டிய பேப்பர் 100 டிகிரியைத் தாண்டி அதிகம் ஏறாது. அதனால்தான் தப்பான பேப்பர்கூடப் பல நேரம் தப்பித்துவிடுகிறது. மாவு தொடாத விளிம்புக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஓவனின் மேலே சூடேறும் கம்பிக்குப் பக்கத்தில், திருகில் வைத்த 180-ஐவிடச் சூடு கூடுதலாகவே இருக்கும். 230 டிகிரியைத் தொட்டால் வெறும் பேப்பரே பற்றிக்கொள்ளலாம். ஏர் ஃப்ரையரில் காலிப் பேப்பரைப் போட்டு ப்ரீஹீட் செய்கிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். காற்றில் எழும்பி நேரே கம்பியில் போய் ஒட்டும்.

இன்னொரு கடையில் பெட்டியில் இருந்த கிளாஸ், முள்கரண்டிப் படத்தைக் காட்டி "இதான்கா சர்டிபிகேட்" என்றார். அந்தப் படம் சாப்பாடு தொடலாம் என்பதற்கு மட்டும்தான். அடுப்புச் சூட்டைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

எண்ணெய் ஊறாமல் இருக்க பிஃபாஸ் (PFAS) என்ற வகை ரசாயனம் பூசிய பேப்பர்களும் உண்டு. உணவு தொடும் பேப்பரிலும் அட்டையிலும் இது கூடாது என்று டென்மார்க் 2020-லேயே தடை போட்டுவிட்டது. நமக்கோ உள்ளே என்ன பூசியிருக்கிறது என்றுகூடச் சொல்ல ஆளில்லை. நம் ஊரில் பஜ்ஜியைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுக்கக் கூடாது என்று 2018-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதியிலேயே இருக்கிறது. அதையே காணோம், அப்புறம் இதை யார் கேட்பது?

இனி எண் இல்லாத மோல்டை என் ஓவனில் ஏற்ற மாட்டேன். அலுமினிய டின்னில் சுட்டு, ஆறியபின் அட்டைக்கு மாற்றுகிறேன். வேலை இரண்டு மடங்கு, இருக்கட்டும். டிகிரியும் தயாரித்தவர் முகவரியும் அச்சடித்த மோல்டு தேவகோட்டை, காரைக்குடிப் பக்கம் எங்கே கிடைக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். விலை கூட என்றாலும் நாளைக்கே போய் வாங்குகிறேன்.