டர்பன் வெயிலில் ஏழு நாள் கணக்கு சரிவராது

வீட்டில் முதன்முறை பியர் காய்ச்சுபவர்கள் ஏழாம் நாளே பாட்டிலில் அடைத்துவிடலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். நானும் புதிதாகத் தொடங்கியவன்தான், ஆனாலும் சொல்கிறேன், நாள் கணக்கை நம்பாதீர்கள், கரைசலின் அடர்த்தியை அளந்து சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று காட்டும் ஹைட்ரோமீட்டரை நம்புங்கள். இரண்டு மூன்று நாள் விட்டுப் பார்த்தும் அளவு மாறவில்லை என்றால்தான் நொதித்தல் முடிந்தது என்று அர்த்தம். சர்க்கரை மிச்சமிருக்கும்போதே மூடி போட்டால் உள்ளே வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும், கண்ணாடிச் சில்லு கண்ணில் பட்டால் என்ன செய்வது?

அப்புறம் வெயில். நான் இருப்பது தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில், இங்கே கோடைக்காலமான ஜனவரியில் அறைக்குள்ளேயே 28, 30 டிகிரி. ஏல் வகை பியருக்கான சாதாரண ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 வரை போதும், சூடு ஏறினால் தோசைமாவு மாதிரி வேகமாகப் பொங்கும், ஆனால் பெயின்ட் தின்னர் வாடை வந்துவிடும். வாளியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, பழைய துண்டை நனைத்துச் சுற்றி, மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வைக்கிறேன், நன்றாகவே குளிர்கிறது. மின்வெட்டு வந்தால் ஐஸாக உறைந்த தண்ணீர் பாட்டில்களைத் தொட்டியில் போடுவேன். க்வைக் என்ற நார்வே நாட்டு ஈஸ்ட் கிடைத்தால் இந்தப் பாடே வேண்டாம், 35 டிகிரியிலும் சுத்தமாக வேலை செய்யும்.

2020 ஊரடங்கில் மது விற்பனையை நிறுத்தியபோது இங்கே பலர் அன்னாசி பியர் போட்டுப் பழகினார்கள். அவர்கள் தயங்காமல் மால்ட் பியருக்கு, அதாவது முளைகட்டிய தானியத்தில் காய்ச்சும் பியருக்கு, வரலாம். இங்கே ஜார்ஜ் ஊர்ப் பக்கம் விளையும் சதர்ன் பேஷன் ஹாப்ஸை (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) மால்ட் சாறு கொதித்து முடியும் நேரத்தில் சேர்த்துப் பாருங்கள், பழ வாசனை தூக்கும்.