எதற்கெடுத்தாலும் ‘டர்போ போச்சு சார்’

கார் இழுக்கவில்லை என்று மெக்கானிக்கிடம் சொல்லுங்கள், டர்போ போச்சு சார். கரும்புகை வருகிறது என்று சொல்லுங்கள், டர்போ போச்சு சார். மேடு ஏறும்போது விசில் சத்தம், ஆயில் கொஞ்சம் குறைகிறது, செக் என்ஜின் விளக்கு எரிகிறது என்று எதைச் சொன்னாலும் பானட்டைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு தயாராக இருக்கிறது. டீசல் கார் வைத்துக்கொண்டு இந்த வார்த்தைகளைக் கேட்காமல் காலம் தள்ளியவர்கள் புண்ணியம் செய்தவர்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய்த்தான் எழுத உட்கார்ந்தேன்.

அது என்ன பாகம், எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துதான் பேசுகிறார்களா? சைலன்சர் வழியாக வீணாகப் போகிற புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளுகிறது. ஆல்ஃபிரெட் பியூக்கி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1905-லேயே காப்புரிமை வாங்கிய யோசனை. அமுக்கினால் காற்று சூடாகிவிடும் என்பதால் அதைக் குளிர்விக்க நடுவில் ஒரு இன்டர்கூலர். டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை ஏறக்குறைய 16 மடங்கு நெருக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலை எரிய வைக்கிறார்கள். எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ அந்த அளவுக்குத்தான் டீசலைப் புகையில்லாமல் எரிக்க முடியும். சின்ன என்ஜின் இவ்வளவு இழுப்பதற்குக் காரணம் இந்தக் காற்றுதான்.

சின்னக் கார்களின் டர்போ நிமிடத்துக்கு 2,00,000 சுற்றுகள் வரை போகும். அந்த வேகத்தில் உலோகமும் உலோகமும் உரசினால் நொடியில் கதை முடிந்துவிடும். அதனால் பெரும்பாலான டர்போக்களில் தண்டு ஒரு மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. சுத்தமான ஆயில் தடையில்லாமல் கிடைத்தால் இது பிரேக் பேட் மாதிரி தேய்ந்துகொண்டே போகிற சாமான் இல்லை, என்ஜின் இருக்கும் வரைக்கும் கூட ஓடும். இப்படிப்பட்ட ஒன்றை, வண்டியிலேயே விலை அதிகமான பாகங்களில் ஒன்றை, முதல் குற்றவாளியாக நிறுத்துகிறார்களே, அங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

ஸ்கேனரைச் செருகுவார்கள். திரையில் பி0299 என்று வரும். உடனே முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு. அந்தக் குறியீடு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: கம்ப்யூட்டர் கேட்ட அளவுக்குக் காற்றழுத்தம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அது சொல்லவே இல்லை. தெர்மாமீட்டர் 102 காட்டியதும் இதயத்தை மாற்றச் சொல்கிற வைத்தியம் இது.

ஏன் வரவில்லை என்பதற்கு எத்தனை காரணங்கள்! இன்டர்கூலர் ஹோஸ் கிழிந்திருக்கலாம். கிளாம்ப் தளர்ந்திருக்கலாம். உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் அழுக்கேறித் தப்புக் கணக்குச் சொல்லலாம். புகையில் ஒரு பங்கை மறுபடி என்ஜினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டால் டர்போவைச் சுற்ற வேண்டிய புகை வேறு பக்கம் போய்விடும். பின்னால் இருக்கும் புகை வடிகட்டி, அதாவது டிபிஎஃப், அடைத்திருந்தால் புகை வெளியே போக வழியில்லாமல் திணறும். இது எல்லாவற்றையும் விட அற்பமான ஒன்று இருக்கிறது, வேக்குவம் டியூப். நிறைய டீசல் டர்போக்களுக்குள் வெளிப்புகைச் சக்கரத்தைச் சுற்றிச் சின்னச் சின்னத் தகடுகள் உண்டு. வேகம் குறைவாக இருக்கும்போது அவை நெருங்கி, புகையைக் குறுகலான வழியில் பாய வைக்கும். வேகம் கூடினால் விரிந்துகொடுக்கும். நிறைய என்ஜின்களில் இந்தத் தகடுகளை நகர்த்தும் கட்டளை, காற்றை உறிஞ்சும் இழுப்பாக, சுண்டு விரலை விட மெல்லிய இந்த ரப்பர் டியூப் வழியாகத்தான் போகிறது. அந்த டியூப் எங்கே இருக்கிறது? கொதிக்கிற என்ஜினை ஒட்டி. சூட்டில் காய்ந்து, மாட்டியிருக்கும் முனையில் ஒரு கீறல் விழும். என் வண்டியில் இருந்ததும் அதுதான். ஐடிலில் காதைப் பக்கத்தில் கொண்டுபோனால் ‘ஸ்ஸ்’ என்று மெதுவாக இழுக்கிற சத்தம் கேட்டது. முனையை விரலால் வளைத்தால் கீறல் வாயைத் திறந்து காட்டியது. இதற்குத்தான் டர்போவையே இறக்கிப் புதிது போடச் சொன்னார்கள்.

கையால் இயக்கும் சின்ன வேக்குவம் பம்பை, அந்தத் தகடுகளைக் கம்பியால் நகர்த்தும் ஆக்சுவேட்டரில் மாட்டி இழுத்தால், கம்பி முழுத் தூரம் நகர்கிறதா, விட்டதும் சிக்காமல் திரும்புகிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஹோஸ் ஒழுகலுக்கு ஸ்மோக் டெஸ்ட் இருக்கிறது. உள்ளே புகையை விட்டால் எங்கே ஓட்டையோ அங்கே வெளியே வரும். இதற்கெல்லாம் பெரிய படிப்பு வேண்டாம், கொஞ்சம் பொறுமை வேண்டும். ஆனால் பொறுமைக்குப் பில் போட முடியாதே!

நம்மை நம்ப வைக்க இரண்டு நாடகங்கள் வைத்திருக்கிறார்கள். முதலாவது, ஆட்டிக் காட்டுவது. காற்று வரும் குழாயைக் கழற்றி, உள்ளே விரலை விட்டுச் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டி, “பாருங்க சார், எப்படி ஆடுது!” என்பார்கள். ஆடத்தான் செய்யும். என்ஜின் அணைந்து ஆயில் அழுத்தம் இல்லாதபோது, மிதக்கும் பேரிங்கில் பக்கவாட்டில் கொஞ்சம் ஆட்டம் இருப்பது இயல்பு. பார்க்க வேண்டியது வேறு. தண்டை உள்ளே வெளியே தள்ளி இழுத்தால் கைக்குத் தெரிகிற மாதிரி நகர்கிறதா? சக்கரத்தின் ஓரம் உறையில் உரசிய தடம் இருக்கிறதா? இதழ்கள் உடைந்திருக்கின்றனவா? இந்த மூன்றையும் ஒருவரும் காட்ட மாட்டார்கள்.

இரண்டாவது, ஆயில் காட்டுவது. இன்டர்கூலர் குழாயைக் கழற்றி உள்ளே ஒரு விரல் தடவி, பளபளக்கிற ஆயிலை நம் மூக்குக்கு நேராக நீட்டுவார்கள். என்ஜினின் அடிப்பகுதியில் சேரும் ஆயில் ஆவியை மறுபடியும் காற்றுப் பாதைக்குள்தான் விடுகிறார்கள். அது அந்தக் குழாய்களில் படியாமல் எங்கே போகும்? குழாய்க்குள் தேங்கி நின்றால் கவலைப்படலாம். விரலில் ஒட்டுகிற ஈரத்துக்கு ஒரு டர்போ விலையா?

சரி, நிஜமாகவே டர்போ செத்துப்போகிற வண்டிகளும் உண்டு. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது பெரும்பாலும் கொலை. ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டதில் கசடு சேர்ந்து, டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் மெல்லிய குழாய் அடைத்துக்கொள்கிறது. சில என்ஜின்களில் அந்தக் குழாயின் போல்ட்டுக்குள்ளேயே ஒரு குட்டி வலை வடிகட்டி இருக்கும். அது அடைத்தால் கேட்கவே வேண்டாம். இல்லையென்றால் ஹோஸ் ஒழுகலை யாரும் கவனிக்காமல் விட, குறைகிற அழுத்தத்தை ஈடுகட்ட டர்போ அளவுக்கு மீறிச் சுற்றிச் சுற்றித் தளர்ந்துபோகிறது. இந்தக் காரணத்தைத் தேடாமல் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டி, அதே அடைத்த குழாயை மறுபடி முறுக்கி அனுப்பினால் என்ன ஆகும்? புதியதும் போகும். அப்போது பழி யார் மேல்? “நீங்க ஓட்டுற விதம் சார்.” அந்த ஒரு வாக்கியத்துக்காகவே சண்டை போடலாம். புது டர்போ போடும்போது ஆயில் குழாயை மாற்று, ஆயில் தேங்கும் சம்ப்பைத் துப்புரவு செய், ஸ்டார்ட் செய்வதற்கு முன் பேரிங்குக்கு ஆயில் விடு என்பதெல்லாம் வழக்கமாகப் பெட்டியோடு வரும் தாளிலேயே இருக்கும். அந்தத் தாள் நேராகக் குப்பைக்குப் போகிறது.

இன்னொரு கொலைகாரன் டிபிஎஃப். புகையில் இருக்கும் கரியைப் பிடித்து வைத்து, அவ்வப்போது 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி எரித்துவிடும் வடிகட்டி. அந்தச் சூட்டுக்காக நிறைய கார்களில் என்ஜினுக்குள்ளேயே தாமதமாக ஒரு தடவை கூடுதல் டீசலைப் பீய்ச்சுகிறார்கள். நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போனால் வேலை அது பாட்டுக்கு முடிந்துவிடும். தினமும் வீட்டிலிருந்து அலுவலகம், இரண்டு சிக்னல் தூரம், வண்டியை அணை என்று போகிறவருக்கு? எரிப்பு ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றுபோகும். அந்தக் கூடுதல் டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து ஆயிலோடு கலக்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைவதற்குப் பதில் ஏறும். “ஆயிலே குடிக்காத என்ஜின்” என்று சந்தோஷப்படுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்! நீர்த்துப்போன அந்த ஆயிலில்தான் 2,00,000 சுற்றுத் தண்டு மிதக்க வேண்டும். அளவு எல்லை மீறினால் என்ஜின் தன் ஆயிலையே உறிஞ்சி எரிக்கத் தொடங்கும் அபாயமும் உண்டு. அப்புறம் சாவியைத் திருப்பினாலும் பல வண்டிகள் நிற்காது. மேனுவல் வண்டி என்றால் பெரிய கியரைப் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்து, கிளட்சை விட்டு மூச்சடைக்க வைக்க வேண்டும். ஷோரூமில் மைலேஜ் கணக்கை மட்டும் காட்டி, குட்டித் தூரம் ஓட்டுகிறவர் தலையில் டீசல் காரைக் கட்டுகிறவர்கள் இதில் ஒரு வார்த்தை சொல்வதுண்டா? வடிகட்டி உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைவான ஆயில்தான் ஊற்ற வேண்டும், கையேட்டில் சி2, சி3 என்று ஆயிலின் தரத்தைத் தெளிவாகப் போட்டிருக்கும். கரி எரியும், ஆயிலின் சாம்பல் எரியாது, உள்ளேயே தங்கும். ஆனால் டிரம்மில் எது இருக்கிறதோ அதுதான் ஊற்றப்படுகிறது.

சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் கதையும் இதே ராகம்தான். எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் கொடுக்கும் காமன் ரெயில் முறை 1997-ல் ஆல்ஃபா ரோமியோ 156 என்ற இத்தாலியக் கார் வழியாகக் கார்களுக்கு வந்தது. இன்றைக்கு அழுத்தம் 2,000 பாரை, அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 2,000 மடங்கைத் தொடுகிறது. டீசலில் கொஞ்சம் தண்ணீரோ தூசியோ இருந்தாலே இன்ஜெக்டர் அடி வாங்கும், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக ஐடிலில் ஒரு நடுக்கம் என்றதும் “நாலையும் மாத்திடலாம்” என்பதா? ஒவ்வொன்றிலும் மிஞ்சுகிற டீசல் திரும்பிப் போகும் ரிட்டர்ன் டியூபையும் தனித்தனிப் பாட்டிலில் விட்டு, என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட விட்டால், எந்தப் பாட்டில் அதிகம் நிறைகிறதோ அது முதல் சந்தேகம். மாற்றினால் கூட, பல வண்டிகளில் புது இன்ஜெக்டரின் மேல் அச்சிட்டிருக்கும் குறியீட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் அனுப்பிவிட்டு, “செட் ஆக நாளாகும் சார், ஓட்டுங்க” என்று சொல்கிற துணிச்சலை என்னவென்று சொல்வது.

இதற்கெல்லாம் உச்சம், டிபிஎஃப் விளக்கு அடிக்கடி எரிந்தால் கிசுகிசுப்பாக வரும் யோசனை: “உள்ளே இருக்கிறதை உடைச்சு எடுத்துடலாம், சாஃப்ட்வேர்ல ஆஃப் பண்ணிடலாம், ஒரு தொல்லையும் இருக்காது.” புகைச் சட்டம் இருக்கிற இடங்களில் அது குற்றம், பின்னால் வருகிறவர் நுரையீரலுக்கும் கேடு என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாதா? அதை விட எரிச்சல் என்ன தெரியுமா? வடிகட்டி சீக்கிரம் நிறைந்ததே ஒழுகுகிற ஒரு இன்ஜெக்டராலோ, காற்று குறைந்த ஒரு கிழிந்த ஹோஸாலோ இருக்கலாம். எடுத்து வீசிய பிறகும் அந்த இன்ஜெக்டர் அங்கேயே ஒழுகிக்கொண்டிருக்கும். பிஸ்டன் தலை ஓட்டையாகிற வரைக்கும் ஒரு விளக்கும் எரியாது.