ஆச்சி ஒத்தாசைக்கு நிக்கல

ஆச்சிக்கு அடிச்ச கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பாத்தவங்களுக்கு விஷயம் புரிஞ்சிருக்கும். "அன்பே உருவான இல்லத்தரசி." அதுக்குக் கீழ, "கணவரின் பனைத் தொழிலுக்கு உறுதுணையாய் இருந்தவர்."

உறுதுணையாம்.

தாத்தா மரத்துல இருந்து இறக்கினது பதனி. அதைக் கருப்பட்டி ஆக்கினது ஆச்சி. வித்தது கருப்பட்டியை. இதுல யாரு யாருக்குத் துணை?

பங்குனியில இருந்து ஆடி வரைக்கும் அவ இருப்பு விடிலிக்குள்ளதான், கருப்பட்டி காய்ச்சுற குடிசை அது. பதனி வந்து இறங்கும்போது அடுப்பு எரிஞ்சுக்கிட்டு இருக்கணும். வெயில் ஏறினாப் புளிச்சிரும், நாளைக்குப் பாத்துக்கலாம்னு வைக்க முடியாது. முதல்ல ஒவ்வொரு கலயமா மோந்து பாப்பா. உள்ள தடவின சுண்ணாம்பு குறைஞ்சிருந்தா பதனி கள்ளாத் திரும்பியிருக்கும். அந்த ஒரு கலயத்தைச் சட்டியில சேத்துட்டா எவ்வளவு எரிச்சாலும் கருப்பட்டி இறுகாது, பிசுபிசுன்னு நிக்கும். சுண்ணாம்பு கூடினா நாக்குல காரும். அடியில படிஞ்சது கலங்காம மேலாப்பில வடிகட்டி ஊத்தணும்.

அப்புறம் ரெண்டு மூணு மணி நேரம் தீ. காவோலை குபீர்னு எரிஞ்சு அடங்கிரும், அடுப்பை விட்டு நகர வழியில்ல. பொங்கி வந்தா நாலு ஆமணக்கு முத்தைத் தட்டிப் போடணும், நுரை அமரும். 8 லிட்டர், 10 லிட்டர் பதனி வத்தினாத்தான் 1 கிலோ கருப்பட்டி. குழம்பா வத்தின பதனி, அதான் கூப்பனி, சிவந்து, கொதிக்கிற சத்தம் மாறும்போது ஒரு சொட்டைத் தண்ணியில விட்டு உருட்டிப் பாப்பா. கரையாம உருண்டையாத் திரண்டாப் பதம். முந்தி இறக்கினா மழைக்காலத்துல இளகிரும், பிந்தினா தீஞ்சு கசக்கும். நடுவுல கிடைக்கிறது சில நிமிசம்தான். இறக்கின பிறகும் துடுப்பால கிண்டி, நனைச்ச சிரட்டையில ஊத்தணும். காஞ்ச சிரட்டைன்னா ஒட்டிக்கிட்டு, எடுக்கும்போது உடையும்.

கூப்பனி கையில தெறிச்சா வெந்நீர் மாதிரி வழிஞ்சு போகாது. ஒட்டிக்கிட்டே வேகும். ஆச்சி முன்னங்கைத் தழும்பெல்லாம் அப்படி வந்ததுதான். போஸ்டர் படத்துல அதையும் கம்ப்யூட்டர்ல அழிச்சு வழுவழுன்னு ஆக்கியிருக்காங்க. கழுத்துல அவ போட்டேயிராத ரெட்டைவடச் சங்கிலி வேற.

"தாத்தா உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஏறினாரே, அது கணக்கில்லையா?"ன்னு வருவீங்க. யாரு இல்லன்னா? காலையில ஒரு ஏத்தம், சாயங்காலம் பாளை சீவ ஒரு ஏத்தம், 30 மரம்னா 60 தடவை. நெஞ்சுல காய்ப்புக் காய்ச்ச மனுசன். ஆனா அவர் வேலைக்குத் தொழில்னு பேர் இருக்கு. நான் கேக்கிறது அந்த ஒரு வார்த்தையை.

"போஸ்டர்ல இடம் இல்ல"ன்னு ஒரு மாமா சொன்னாரு. பேரன் பேத்திங்க பேரோட டிகிரி, கம்பெனி எல்லாம் போட இடம் இருந்துச்சே மாமா.

"துக்க வீட்டுல இதெல்லாம் பேசலாமா?" வேற எங்க பேச? உயிரோட இருக்கையில யாரும் கேக்கல.

2023-ல உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைச்சப்போ குடும்ப வாட்ஸப் குரூப்ல ஒரே கைதட்டு. ருசிக்குக் காரணம் எங்க ஊருச் செம்மணல், அந்தத் தேரி மண்ணாம். சரி, மண்ணுதான். அந்த மண்ணு தானா எந்திரிச்சு வந்து அடுப்பூதிச்சா?

காய்ச்சினதோட முடியல. அடுப்புக்கு மேல பரண்ல புகை படுற மாதிரி அடுக்கி வச்சு, ஐப்பசி கார்த்திகை ஈரத்துல கெடாம காத்து, விலை ஏறின பிறகுதான் கொடுப்பா. யாவாரி தராசைக் கண்ணாலயே எடை போட்டிருவா. எங்கம்மா டீச்சர் டிரெயினிங் பீஸ் அந்தப் பரண்ல இருந்து இறங்கினது. அம்மாவுக்குப் போஸ்டர்ல "ஓய்வு பெற்ற ஆசிரியை"ன்னு போட்டிருக்கு. ஆச்சி எதுல இருந்தும் ஓய்வு பெறல போல.

பதினாறாம் நாளுக்கு இன்னொரு போஸ்டர் அடிக்காங்க. நேத்து ராத்திரி டிசைன் வந்துச்சு. "இல்லத்தரசி" எழுத்தை இன்னும் பெருசாக்கி, மஞ்சள் கலர் குடுத்திருக்காங்க.