ரிச் ஸ்ட்ரைக்குக்குப் பிடித்தது திமிரா?

2022 மே 7, அமெரிக்காவின் லூயிவில் நகரம், சர்ச்சில் டவுன்ஸ் மைதானம். முந்தின நாள் காலையில் வேறொரு குதிரை விலகியதால் மட்டுமே இடம் கிடைத்த ரிச் ஸ்ட்ரைக், 80-க்கு 1 என்ற பந்தய விலையில் (அதாவது ஜெயிக்கும் என்று பெரும்பாலோர் நம்பாத குதிரையாக), வெளிக்கோடியில் இருந்த 20ஆம் கேட்டிலிருந்து கிளம்பி, கடைசி நேரத்தில் உள்வேலியோரமாகப் புகுந்து வந்து கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயத்தை வென்றது. அடுத்த சில நிமிடங்களில் பக்கத்தில் வந்த குதிரையையும் அதன்மேல் இருந்தவரையும் விடாமல் கடிக்கப் பாய்ந்தது. அவர் அதன் முகத்தில் குத்தினார். இணையத்தில் அந்தக் காணொளியின் கீழே இரண்டே கட்சிதான்: 'குதிரைக்குத் திமிர்' என்பது ஒன்று, 'அந்த ஆள் கொடுமைக்காரன்' என்பது மற்றொன்று. இரண்டும் தவறு என்பது என் உறுதியான கருத்து.

முதலில் வயதைப் பாருங்கள். டெர்பியில் 3 வயதுக் குதிரைகள் மட்டுமே ஓடும். அந்த 3 வயதும் ஏட்டுக் கணக்கு. எந்த மாதம் பிறந்திருந்தாலும் வடக்கு அரைக்கோளத்தில் எல்லாப் பந்தயக் குதிரைகளுக்கும் ஜனவரி 1 அன்றுதான் ஒரு வயது கூடும். ஆக அது மீசை அரும்பும் பருவத்துப் பையன். அதிலும் காயடிக்கப்படாத ஆண். அந்த வயது ஆண் குதிரைகள் மேய்ச்சல் நிலத்தில் விளையாடுவதே ஒன்றையொன்று கழுத்திலும் முன்னங்காலிலும் கடித்துத்தான்.

அடுத்து உடம்பு. லாயத்தில் சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 30 முதல் 40 முறை துடிக்கும் இதயம், பந்தயத்தில் 200-ஐத் தாண்டும். குதிரையால் வாயால் மூச்சு விட முடியாது, மூக்கு ஒன்றுதான் வழி. நாலுகால் பாய்ச்சலில் ஒரு தாவலுக்கு ஒரு மூச்சு என்று கட்டுப்பட்டிருக்கும். ஒன்றேகால் மைல் அப்படி ஓடி முடித்த குதிரைக்கு உடனே வேண்டியது மெதுவான நடை. தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுக்க வேண்டும், அரைமணி நேரமாவது நடத்தி ஆற வைக்க வேண்டும். சாதாரண பந்தயங்களில் கோட்டைத் தாண்டியதும் வேகம் குறைத்துத் திருப்பிக் கொண்டுவந்து, சேணத்தை இறக்கி, இந்த வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். டெர்பியில் ஜெயித்த குதிரைக்கு அந்த விடுதலை உடனே கிடையாது. இன்னொரு குதிரைமேல் ஏறி வரும் செய்தியாளர் மைக்கை நீட்டுவார், ஜாக்கி சேணத்தில் உட்கார்ந்தபடியே பேட்டி கொடுப்பார். அதன்பிறகு 400க்கும் மேற்பட்ட ரோஜாக்கள் தைத்த போர்வை முதுகில் ஏறும். சுற்றிலும் லட்சத்துக்கு மேல் கூட்டம்.

பக்கத்தில் வந்த அந்தக் குதிரையை அங்கே போனி என்பார்கள். பேரைக் கேட்டுக் குட்டைக் குதிரை என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் காயடித்த, நிதானமான, முழு உயரக் குதிரைதான். பந்தயத்துக்கு முன் கேட் வரை கூடவே போய்ப் பதற்றத்தைக் குறைப்பதும் இத்தகைய குதிரைகளின் வேலை. கூட்டமாக வாழ்ந்து, கூட்டமாக ஓடித் தப்பித்த பிராணிக்கு ஒரு துணை என்பது பெரிய ஆறுதல். 2019 பிரீக்னஸ் பந்தயத்தில் பாடெக்ஸ்பிரஸ் என்ற குதிரை கேட் திறந்ததுமே ஜாக்கியைத் தள்ளிவிட்டு, ஆளில்லாமலே முழுப் பந்தயத்தையும் மற்ற குதிரைகளோடு ஓடி முடித்ததே, அதற்கும் இதுதான் காரணம். அதற்குப் பரிசு மேல் ஆசை இல்லை, கூட்டத்தை விட்டுப் பிரிய மனமில்லை.

ஆனால் கிளர்ச்சியின் உச்சத்தில் இருக்கிற ஆண் குதிரையை, முன்பின் பழகாத ஒரு குதிரையோடு தோளோடு தோளாக நெருக்கி, லகானை இறுக்கி நிறுத்தினால் அதே துணை எதிரியாகத் தெரியும். விலகி ஓட வழியில்லாத குதிரை கடிக்கும், அல்லது உதைக்கும். இந்த வரிசை எல்லாக் குதிரைக்கும் பொருந்தும்.

போனிமேல் இருந்த அந்த ஆளை அவுட்ரைடர் என்பார்கள். அவர் ஏன் விடவில்லை? ஜாக்கி மேலேயே இருக்கிறார், சுற்றி மனிதர்கள் நிற்கிறார்கள். 450 கிலோவுக்கு மேல் இருக்கும் குதிரை அந்த இடத்தில் கைவிட்டுப் போனால் யாருக்காவது எலும்பு முறியும். அறுத்துக்கொண்டு ஓடும் குதிரையைப் பிடிப்பதே அவர் வேலை. பிடியை விடாதது சரி. முகத்தில் அடித்ததைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, நான் அதை நியாயப்படுத்தவில்லை. அவரை அந்த நிலைக்குத் தள்ளியது தொலைக்காட்சிக்காக நடக்கும் அந்தக் குதிரைமேல் பேட்டிதான் என்கிறேன். பத்து நிமிடம் கழித்து, ஜாக்கி இறங்கியபின் தரையில் நின்று பேசினால் யாருக்கு என்ன நஷ்டம்? ரோஜாப் போர்வையைக் குதிரை கொஞ்சம் ஆறிய பிறகு போர்த்தினால் போதும்.

பார்க்கிறவர்கள் சிலவற்றைக் கற்றுக்கொள்ளலாம். காது முன்னால் விறைத்திருந்தால் கவனம். ஓடும்போது பின்னால் மடிந்திருந்தால் அது பெரும்பாலும் முயற்சி, கோபமாக இருக்க வேண்டியதில்லை. நிற்கும்போது காது தலையோடு ஒட்டி, வாலும் சாட்டையாக அடித்தால்தான் எச்சரிக்கை. பேடாக்கில் (பந்தயத்துக்கு முன் சேணம் பூட்டிக் குதிரையை நடத்தும் இடம்) பின்னங்கால்களுக்கு நடுவே வெள்ளை நுரையாக வியர்த்தால், ஓடுவதற்கு முன்பே பதற்றத்தில் சக்தி கரைகிறது என்று அர்த்தம் (வெயில் கடுமையாக இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது). 'கண்ணுக்குக் கடிவாளம்' என்று நாம் எழுதுவதும் பிழை. கடிவாளம் வாயில் இருப்பது. கண்ணோரம் பொருத்தும் கிண்ணம் பிளிங்கர்ஸ். கிட்டத்தட்ட 350 பாகை பார்க்கும் பிராணிக்குப் பின்பக்கத்தை மறைத்தால், பின்னால் வருவதைப் பார்த்து மிரளாமல் முன்னே மனம் வைக்கும். சில குதிரைகளுக்கு அதுவே பயத்தைக் கூட்டும், எனவே எல்லாவற்றுக்கும் மாட்டுவதில்லை.

போர்வையும் புகைப்படமும் முடிந்தபின் ஜெயித்த குதிரை மருந்துச் சோதனை லாயத்துக்குப் போகும். அங்கே சிறுநீர் பிடிக்க ஒருவர் நீளக் கம்பில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, மெல்லச் சீட்டியடித்தபடி காத்திருப்பார். சீட்டி கேட்டால் சிறுநீர் கழிக்கப் பல குதிரைகள் பழகியிருக்கும். மைக் கிடையாது, கூட்டம் கிடையாது. அந்தப் பொறுமையைத்தான் வெற்றிக்கோட்டுக்கு அருகிலேயே காட்டச் சொல்கிறேன்.